வீட்டில் இரத்தச் சர்க்கரை அளக்கும் கருவி: வரலாறும் தேர்வும்

கோலார் தங்கவயலுக்கு அண்மையில் பூதிகோட்டை என்றோர் ஊர் உண்டு. பூதி என்றால் நீறு. ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்று நூல்கள் இதனைக் குறிக்கின்றன. 2003-ஆம் ஆண்டில் கம்பி வழியாக வீடுகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கிய ‘நம்ம த்வனி’ என்ற சமுதாய வானொலியும் இவ்வூருக்குரியதே. இதனைச் சூழ்ந்த வட்டாரத்திற்குத் தமிழ் மக்கள் பெருந்திரளாகச் சென்றது, 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தங்கம் அகழ வந்த பின்னரேயாகும். வடார்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்தும் சென்ற அவர்கள், பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம்வரை இறங்கி உழைத்தார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளிற் பலர், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் வீடு திரும்புகிறார்கள். வேலைக்குச் செல்லும் நாளில் ஆய்வுக்கூடத்தின் வாசலில் காத்திருக்க இத்தகையோருக்கு நேரம் ஏது? ஆகவேதான் வீட்டிலேயே இரத்தச் சர்க்கரையை அளக்கும் சிறு கருவியைப் பற்றி இங்கே பேசத் துணிந்தேன். 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதென மதிப்பிட்டது.

நீரிழிவு என்ற சொல்லிலேயே நோயின் குறி அடங்கியிருக்கிறது. இழிதல் என்றால் வழிந்து இறங்குதல். அருவி இழிகிறது என்கிறோமல்லவா? வடமொழி மருத்துவர் இதனை மதுமேகம் என்றனர். நோயாளியின் சிறுநீரை எறும்புகள் மொய்ப்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். எறும்பே அக்காலத்துச் சோதனைக் கருவி எனலாம்! 1776-இல் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து மருத்துவர் மாத்யூ டாப்ஸன், அந்நீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய பொருள் சர்க்கரையே என்று காட்டினார். இரத்த நீரும் இனிக்கிறது என்பதையும் அவர் குறித்து வைத்தார். நோய் சிறுநீரகத்தோடு நிற்பதன்று என்பதற்கு அதுவே முதற் சான்று.

1922-இல் கனடாவின் டொரான்டோ நகரில் இன்சுலின் முதன்முறையாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. உயிர் காக்கும் அம்மருந்து அளவு மிஞ்சினால் உயிரையே வாங்கும். ஆதலின் அளந்தறிதல் இன்றியமையாததாயிற்று. அதற்கு வீடுகளில் கிடைத்த துணை பெனடிக்ட் கரைசல். சோதனைக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால் நிறம் மாறும். பச்சையானால் சிறிது, மஞ்சளானால் மிகுதி, செங்கல் நிறமானால் மிக மிகுதி. தங்கவயலில் வாழ்ந்தவர்க்கு உரைகல்லில் பொன்னின் மாற்றுப் பார்ப்பது இதனினும் எளிதாக விளங்கும். சென்னை இராயபுரத்தில் டாக்டர் எம். விசுவநாதன் 1954-இல் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை நிறுவிய நாளில், நம் இல்லங்களுக்கு எட்டிய சோதனை இவ்வளவே. இதில் ஒரு பெருங்குறை உண்டு. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் தோன்றும். சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்து நோயாளி மயங்கி விழும் நிலையிலும், நன்னிலையிலும், குழாயில் தெரிவது ஒரே நீலந்தான்.

1960-களின் நடுவில் அமெரிக்காவின் ஏம்ஸ் கம்பெனி, இரத்தத் துளியைத் தாங்கும் காகிதப் பட்டையை வெளியிட்டது. துளி விட்டுச் சரியாக ஒரு நிமிடம் காத்து, நீரால் கழுவி, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் வேறுபடுமாதலால், அந்நிறத்தை ஒளியால் அளக்கும் பொறியை 1970-இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடை, ஐந்நூறு டாலரையொட்டிய விலை; விற்பனையோ மருத்துவர்களுக்கு மட்டுமே. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர், பன்னிரண்டு வயது முதல் நீரிழிவால் வருந்தியவர், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் அதனை வாங்கினார்! நாள்தோறும் பலமுறை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டு உடல் தேறினார். அவருடைய கட்டுரைகளை மருத்துவ ஏடுகள் ஏற்கவில்லை. அவர் சோர்ந்துவிடாமல், நாற்பத்தைந்தாம் வயதில் தாமே மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1978-இல் லண்டன், நாட்டிங்காம் நகரத்து மருத்துவர்கள், நோயாளிகள் வீட்டில் தாமே அளப்பது இயலும் என்பதை லான்செட் இதழில் எழுதிய பின்னரே எதிர்ப்புத் தணிந்தது. நோயாளியின் கையில் அளவுகோலைக் கொடுக்க அத்தனை தயக்கம்!

1987-இல் பேனா வடிவிலே சிறு கருவி வந்தது. அது நிறத்தை நோக்குவதன்று. பட்டையிலுள்ள நொதிப் பொருள் சர்க்கரையோடு வினைபுரியும்போது எழும் மின்னோட்டத்தை அளப்பது. இன்றைய கருவிகளிற் பெரும்பாலானவை இவ்வழியினவே. சில பட்டைகளின் மின்முனையில் மெல்லிய பூச்சாகப் பயன்படுவது தங்கம் என்பதைச் சுரங்கத்தார் குடும்பங்கள் கேட்டால் புன்முறுவல் பூக்கக்கூடும்.

இனித் தேர்வுக்கு வருவோம். கருவியின் விலையைக் கண்டு மயங்கலாகாது. செலவு பட்டையிலே இருக்கிறது. கருவி ஒரு முறை வாங்குவது, பட்டையோ ஒவ்வோர் அளவைக்கும் ஒன்று. தம் ஊர் மருந்துக்கடையில் எந்தப் பட்டை தடையின்றிக் கிடைக்கிறது, ஒன்றின் விலை என்ன என்று கேட்ட பின்னரே கருவியை வாங்க வேண்டும். வெளிநாட்டிலுள்ள மகன் அன்போடு கொணர்ந்த கருவி, பட்டை கிடைக்காமல் அலமாரியில் உறங்குவது பல வீடுகளில் காணும் காட்சி. அதிலும் ஓர் ஆபத்து உண்டு. இங்கிலாந்து, மலேசியா முதலிய நாடுகளின் கருவிகள் மில்லிமோல் கணக்கில் காட்டும். நம் நாட்டு வழக்கு மில்லிகிராம். அங்கே 7 என்பது, பதினெட்டால் பெருக்க, இங்கே 126 ஆகும். இதனை அறியாதவர் 7 என்ற எண்ணைக் கண்டு அஞ்சி, சர்க்கரையை அள்ளிக் கொடுத்துவிடக்கூடும்.

எண்கள் முதியோர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுக. துல்லியத்திற்கு ஓர் உலகத் தரம் உண்டு. 2013-இல் திருத்தப்பட்ட அதன்படி, நூறு அளவைகளில் 95, ஆய்வுக்கூட முடிவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். நூறு மில்லிகிராமுக்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள். ஆகவே 140-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு கலங்க வேண்டுவதில்லை. ஆனால் இரத்தச் சோகை உள்ளவர்க்குப் பல கருவிகள் உண்மையினும் மிகுத்துக் காட்டும். நம் பெண்களிற் பலர்க்குச் சோகை உண்டு. மிகையான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டினால் விளைவு கொடிது. அத்தகையோர் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும். மாம்பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் குத்தினாலும் எண் ஏறிவிடும். பட்டை டப்பாவை இறுக மூடி, வெயிலும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும். குத்தும் ஊசியை ஒருவர் பயன்படுத்திய பின் அதே வீட்டார்கூடப் பயன்படுத்தலாகாது. மஞ்சட்காமாலைக் கிருமி அவ்வழியே பரவும்.

புதுக் கருவியை வாங்கியவர், ஆய்வுக்கூடத்திற்கு வெறும் வயிற்றோடு செல்லும் நாளில் அதனையும் உடன் கொண்டுசெல்க. ஊசியால் இரத்தம் எடுத்த அப்பொழுதே, விரலிலும் ஒரு துளி எடுத்து அளந்து எழுதி வைத்துக்கொள்க. உணவுக்குப் பின் என்றால் விரலின் இரத்தத்தில் சர்க்கரை சற்று மிகுந்தே இருக்கும். ஒப்பீட்டிற்கு அது உதவாது. இரண்டு எண்களும் மேற்சொன்ன எல்லைக்குள் நெருங்கி நின்றால் கருவியை நம்பலாம். இல்லையெனில் பட்டையின் காலாவதி நாளைப் பார்த்து, வேறு டப்பாவைத் திறந்து, மற்றொரு நாள் மீண்டும் ஒப்பிடுக. அப்போதும் ஒவ்வாதாயின், கருவியையும் எழுதி வைத்த எண்களையும் மருத்துவரிடம் காட்டுக.