வட்டுக்கோட்டை தந்த முதற் பட்டதாரிகள்

மேலநீலிதநல்லூர் போன்ற சிற்றூர்களிலும் கல்லூரி எழுந்து பட்டதாரிகள் பெருகியுள்ள இந்நாளில், 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளை நாம் நினைவுகூர்தல் தகும். சி. வை. தாமோதரம் பிள்ளை, கறோல் விசுவநாத பிள்ளை ஆகிய அவ்விருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணாக்கர். அமெரிக்க மிஷனார் 1823இல் தொடங்கிய அச்செமினரியோ 1855இலேயே மூடப்பட்டிருந்தது. ஆங்கில உயர்கல்வியால் சுவிசேஷ ஊழியர் போதிய அளவில் எழும்பவில்லை என்பது பாஸ்டனிலிருந்து வந்த தூதுக்குழுவினரின் கணிப்பு. தாமோதரம் பிள்ளை பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார் என்பதும் மெய்யே. ஆயினும், ஏட்டுச்சுவடிகளில் செல்லரித்துக்கொண்டிருந்த கலித்தொகையை 1887இல் முதன்முதலாக அச்சேற்றியவர் அவரே. இக்கனியை நாம் எக்கணக்கில் எழுதுவோம்? தூதுக்குழுவின் கணக்கில் இதற்கு இடமில்லை. உள்ளூர்க் கிறிஸ்தவர்கள் அயராது முயன்றதன் பயனாக, 1872இல் வட்டுக்கோட்டையிலேயே யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது.