பேரேட்டில் நம் பெயர்

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



1917ஆம் ஆண்டு செப்டம்பரில் ஓர் இளைஞர் பரோடாவில் வந்து இறங்கினார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். பரோடா சமஸ்தானம் தந்த பணத்தில் படித்ததால், பத்தாண்டு அந்தச் சமஸ்தானத்துக்கு வேலை செய்து தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார். பட்ட கடனை உழைத்துக் கழிக்க வந்தவருக்குக் கணக்குத் துறை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேறச் சொன்னது. ஊரில் வேறு யாரும் இடம் தரவில்லை. இரவு ரயிலுக்கு நேரமாகும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பம்பாய் திரும்பினார். அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் பதிவுசெய்த அனுபவம் இது.

படிப்புக்குப் பட்ட கடனும் குடியிருக்க ஒரு வீடும் அன்று பரோடாவில் முட்டிக்கொண்டன. நூறாண்டு கழிந்து நம் ஆர்.எஸ்.மங்கலத்திலும் அவை முட்டிக்கொள்கின்றன. இந்த உரை அதைப் பற்றியது.

ஒரு தம்பியின் கேள்வி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் வளர்ந்த தம்பி ஒருவர். 2006இல் பொறியியல் படிப்பில் சேர்ந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். ஈடு கேட்காத கல்விக் கடன் நான்கு லட்சம் வரை கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சம் வாங்கினார். விவசாயக் கூலியான அப்பா கூட்டுக் கடனாளியாகக் கைநாட்டு வைத்தார். 2010இல் படிப்பு முடிந்தது. வேலைச் சந்தை படுத்துக்கிடந்த காலம். சென்னையில் கிடைத்த சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போயிற்று. தவணை நின்றது, வட்டி ஏறியது. 2016இல் மக்கள் நீதிமன்றத்தில் வைத்து வங்கி ஒரு தொகைக்கு இறங்கி வந்தது. அம்மாவின் தோட்டை விற்று அதைக் கட்டினார். கணக்கு முடிந்தது என்று கடிதமும் கொடுத்தார்கள்.

இன்று அவர் அரசு ஊழியர். ஊருக்குள் மனை வாங்கி வீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வீட்டுக்கடன் கேட்டுப் போனார். சம்பளச் சான்று, மனைப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் சரி. மேலாளர் கணினியைப் பார்த்தார். "பழைய பாக்கி ஒன்னு காட்டுதே தம்பி" என்றார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

அன்று மாலை அவர் எங்களிடம் கேட்டார்: "முடிஞ்சுருச்சுன்னு எழுதிக் குடுத்தாங்களேண்ணே, அப்புறம் எப்படி இன்னும் இருக்கு?"

ஒரு கடன் எப்போது முடிகிறது? யாருக்கு முடிகிறது, யாருக்கு முடிவதே இல்லை? இந்தக் கேள்விகளுக்கு இந்த மண்ணிலேயே ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

ராஜாவின் கடனும் பண்ணையாளின் கடனும்

ராஜசிங்கமங்கலம் என்ற பெயரே ஆர்.எஸ்.மங்கலம் என்று சுருங்கியது. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஊரார் பெருமையாகச் சொல்லும் கண்மாய் இங்கேதான் இருக்கிறது. கரைக்கு மண் சுமந்தவர்களிலும் மடை திறந்து நீர் பாய்ச்சியவர்களிலும் நம் முன்னோர் இருந்தார்கள். நீர் பாய்ந்த நஞ்சை வேறு கைகளில் இருந்தது.

அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்று 1843இல் ஐந்தாம் சட்டம் சொன்னது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று சொன்ன இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. ஆளை விற்க முடியாத இடத்தில் கடன் வந்து உட்கார்ந்தது. கல்யாணத்துக்கு, கருமாதிக்கு, பஞ்சத்தில் கஞ்சிக்கு என்று பண்ணையில் கை நீட்டிய பணத்துக்கு உழைப்பு வட்டியாகப் போனது. அசல் அப்படியே நின்றது. அப்பன் செத்தால் மகன் தலையில் விழுந்தது. அசல் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்பது பண்ணையின் பேரேட்டில் இருந்தது. அதைப் படிக்கும் எழுத்து நமக்கு மறுக்கப்பட்டிருந்தது.

அதே காலத்தில் இந்தச் சீமையின் ராஜாவும் கடனாளிதான். இராமநாதபுரம் ஜமீன் 1873 முதல் 1889 வரை, வாரிசு சிறுவராக இருந்த காலத்தில், கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்ற அரசு நிர்வாகத்தில் இருந்தது. பிறகு பொறுப்பேற்ற பாஸ்கர சேதுபதி கொடைக்குப் பெயர் பெற்றவர். விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்குத் துணை நின்றவர். அவரும் பெருங்கடனில் மூழ்கினார். அப்படிப்பட்ட கடன்களுக்கு அரசு என்ன செய்தது? பாகம் பிரிக்க முடியாத எஸ்டேட்டுகளுக்கென்று சென்னை மாகாணத்தில் 1904இல் ஒரு சட்டம் வந்தது. ஜமீன்தார் தன் விருப்பத்துக்கு வாங்கும் கடன் அவர் காலத்துக்குப் பிறகு எஸ்டேட்டைக் கட்டுப்படுத்தாதபடி அந்தச் சட்டம் வரம்பு கட்டியது. அதன் பட்டியலில் இராமநாதபுரமும் இருந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராஜா பட்ட கடன் மகனைத் தொடாதிருக்கச் சட்டமன்றம் கூடிச் சட்டம் போட்டது. அவர் சீமையில் ஏர் பிடித்த பண்ணையாளின் கடன் எந்தத் தடையும் இல்லாமல் மகனுக்குப் போனது. கடனை மன்னிக்கத் தெரியாத அரசு அல்ல அது. யாருடைய கடனை மன்னிப்பது என்பதில் அதற்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஈடு வைக்க என்ன இருந்தது?

வங்கி இன்று நம்மிடம் கேட்கும் ஈடு என்பது நேற்றைய சொத்து. அந்தச் சொத்து நமக்கு ஏன் இல்லை?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை பறையர்களின் நிலமின்மையையும் கடன் கட்டையும் பேசியது. அவர்கள் குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்பதை அது அழுத்திச் சொன்னது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்து எறியலாம் என்றால் கூலி கேட்க எவருக்கு வாய் வரும்? அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணை 1010தான் பஞ்சமி நிலத்தின் தொடக்கம். அரசிடமிருந்த தரிசைத்தான் அந்த ஆணையால் கொடுக்க முடிந்தது. நம் பகுதி ஜமீன். இங்கே தரிசும் ஜமீனுக்குரியது. ஆகவே பஞ்சமி நிலம் என்ற சொல்லே இங்கே பல ஊர்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. கொடுத்த மாவட்டங்களிலும் கடனுக்கும் ஒத்திக்கும் மிரட்டலுக்கும் அந்த நிலம் கைமாறியது. விற்கக் கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் இருந்தது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறையின் குண்டுக்கு இரையானார்கள்.

நம் பகுதியில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது விதித்த தடைகளை ஹட்டன் தம் நூலில் பட்டியலிட்டிருக்கிறார். மேலாடை, செருப்பு, குடை, நகை, உலோகப் பாத்திரம் கூடாது என்ற முதல் பட்டியல் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. நாம் கூர்ந்து படிக்க வேண்டியது இரண்டாவது பட்டியலை. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழையை நம்பி விளைந்தாலும் அறுவடை நேரத்தில் கொள்ளை போகும்.

நாற்பத்தெட்டு மடைக் கண்மாயின் ஊரில் நின்றுகொண்டு இதைப் படியுங்கள். நம் தாத்தாக்களிடமிருந்து நிலத்தையும் எழுத்தையும் ஒரே பட்டியலில் பிடுங்கினார்கள். நிலம் இருந்திருந்தால் பேரன் படிக்கக் கடன் வாங்கியிருக்க மாட்டான். வாங்கியிருந்தாலும் ஒரு குறுக்கத்தை விற்று அடைத்திருப்பான். தம்பியின் பெயருக்கு எதிரே இன்று கணினி காட்டும் பாக்கியில் 1931இன் பாக்கியும் சேர்ந்திருக்கிறது. அதை எந்த நிறுவனமும் பதிவுசெய்து வைக்கவில்லை.

தவணை கட்டியவர்கள் நாம்

நம் மக்கள் கடனைக் கட்ட மாட்டார்கள் என்ற பேச்சு வங்கி வாசலில் இன்றும் கேட்கிறது. வரலாறு வேறு சொல்கிறது. 1920 முதல் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டோருக்கு வீட்டுமனை எடுத்துத் தந்தபோது, பல இடங்களில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தவணையில் மனையின் விலையைத் திருப்பிக் கட்டச் செய்தது. நாள் கூலியில் பிடித்து வைத்த காசில், மிராசுதாரின் காலடியிலிருந்து எழுந்து வர நம் முன்னோர் தவணை கட்டினார்கள். நாம் வாங்கிய முதல் வீட்டுக்கடன் அதுதான்.

1974இல் தாட்கோ தொடங்கப்பட்டபோது அதன் முதல் வேலையே வீடு கட்டுவது. ஆதிதிராவிடர் வீட்டுவசதி என்ற சொற்கள் அதன் பெயரில் இன்றும் இருக்கின்றன. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமைக் கடன் அனைத்தையும் அடியோடு ரத்துசெய்தது. கடனுக்காகப் பிடுங்கிய சொத்தைத் திருப்பித் தரச் சொன்னது. விடுதலையானவரைக் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றக் கூடாது என்றும் சொன்னது. கடனும் வீடும் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள் என்பதை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

புதிய பேரேடு

சிபில் நிறுவனம் 2000இல் தொடங்கியது. கடன் தகவல் நிறுவனங்களுக்கான சட்டம் 2005இல் வந்தது. ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண். பண்ணையின் பேரேடு ஓர் ஊருக்குள் கிடந்தது. இது நாடு முழுக்க ஒரே பேரேடு. திருவாடானையில் நின்ற தவணை திருப்பூரிலும் தெரியும்.

நம் பிள்ளைகள் பெருவாரியாகக் கல்விக் கடன் வாங்கிய காலமும் இந்தப் பேரேடு விரிந்த காலமும் ஒன்றே. தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை அண்ணல் வைசிராய் அவையில் இருந்தபோது 1944இல் தொடங்கியது. ஆனால் சுயநிதிக் கல்லூரிகளின் கட்டணத்தை அது எட்டவில்லை. தமிழ்நாட்டில் 2012இன் அரசாணை 92 வந்த பிறகே அந்தக் கட்டணத்தை அரசு ஏற்றது. இடையில் படித்த ஒரு தலைமுறை கடனோடு வெளியே வந்தது. 2016இல் மதுரையில் கல்விக் கடன் வசூல் நெருக்கடியில் ஒரு பொறியியல் பட்டதாரி உயிரை மாய்த்துக்கொண்டார். வங்கி தன் கடனை வசூல் நிறுவனத்துக்கு விற்கும் என்பதே பல பெற்றோருக்கு அன்றுதான் தெரிந்தது.

பழைய கடன் அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கியது. கல்விக் கடன் மகனிடமிருந்து அப்பனுக்கு ஏறுகிறது. கூட்டுக் கடனாளி என்று கைநாட்டு வைத்தவரின் பெயரும் பேரேட்டில் விழுகிறது. மிளகாய்க்கு உரம் வாங்க அவர் கடன் கேட்டால் மகனின் பாக்கி குறுக்கே நிற்கும்.

ராஜாவுக்கு 1904இல் கிடைத்தது கம்பெனிகளுக்கு 2016இல் கிடைத்தது. அந்த ஆண்டின் திவால் சட்டம் கடனில் மூழ்கிய கம்பெனியை மீட்டெடுக்கவும், கடன்காரர் பெருந்தொகையை விட்டுக்கொடுத்து முடிக்கவும் வழி வகுத்தது. அதே சட்டத்தில் தனிமனிதருக்கான பகுதியும் இருக்கிறது. கம்பெனிக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் அதை 2019இல் நடைமுறைப்படுத்தினார்கள். சாதாரணக் கடனாளிக்கு 1920இன் வெள்ளையர் காலத்துச் சட்டமே கதி.

பேரேட்டைப் படிப்போம்

தம்பியின் கேள்விக்கு விடை இதுதான். வங்கி குறைத்து வாங்கி முடித்த கணக்கு, பேரேட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுதாகக் கட்டியது 'குளோஸ்டு'. முன்னதைப் பார்க்கும் வங்கி, இவர் பாக்கி வைத்தவர் என்று எடுத்துக்கொள்ளும். 'ரைட் ஆஃப்' என்றாலும் தள்ளுபடி என்று பொருளில்லை. வங்கி தன் கணக்கை ஒழுங்குசெய்துகொண்டது, கடன் நிற்கிறது என்றே பொருள். மூன்றாண்டு காலக்கெடு கடந்துவிட்டால் வழக்குப் போட முடியாமல் போகலாம். அதனால் கடன் அழிந்துவிடாது. பதிவும் குறைந்தது ஏழாண்டு இருக்கும்.

ஆகவே மாணவர்களிடமும் தோழர்களிடமும் சில வேலைகளைக் கேட்கிறோம். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வீட்டுக்கடன் கேட்கும் முன்பே அதை எடுத்துப் படியுங்கள். தவறான பதிவு இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குறைத்து முடித்த கணக்கென்றால், விட்டுக்கொடுத்த தொகையைக் கட்டிப் பதிவை மாற்றிக்கொள்ள முடியுமா என்று பழைய வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். பாக்கியில்லாச் சான்றை வாங்கிய பிறகே வெளியே வாருங்கள். அந்த வழியில்தான் தம்பி இப்போது நடந்துகொண்டிருக்கிறார். முழுத்தொகையை எப்படியும் கட்டிவிடலாம் என்கிறார். கந்துவட்டியில் வாங்கிக் கட்டாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

தனியாள் செய்ய முடியாததை இயக்கம் கேட்க வேண்டும். அரசாணை 92க்கு முன் படித்த தலைமுறையின் கல்விக் கடனைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதை அரசே ஏற்று, அந்தப் பிள்ளைகளின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் பேரேட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் சொன்னது. படிக்கப் போகிறவருக்குச் சொன்ன நீதியைப் படித்து முடித்து வீடு கேட்பவருக்கும் சொல்லச் செய்வோம். சேரி மனைகளின் நிபந்தனைப் பட்டாவைக் கண்டு வங்கி பின்வாங்கினால், ஈட்டுக்குப் பொறுப்பேற்கத் தாட்கோ முன்வரட்டும்.

பாக்கி வைத்தவர் என்ற சொல்லைக் கேட்டுத் தலை குனிய வேண்டாம். நம் பெயர் இருக்கும் ஏட்டை நாமே வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறை நாம். ஒவ்வொரு ஊரிலும் நம் மன்றத் தோழர்கள் உட்கார்ந்து, கடன் அறிக்கையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பக்கத்திலேயே ஊரின் நிலப் பதிவேட்டையும் விரித்து வையுங்கள். நாம் தர வேண்டியது எவ்வளவு, நமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்ப்போம்.