நீல வண்டியும் கிம்பர்லிக் குழியும்

பிரிட்டோரியாவுக்கும் கேப்டவுனுக்கும் இடையே ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் ஓடும் 'நீல வண்டி'யைப் புகழாத உல்லாசப் பயணியில்லை. 1923இல் இங்கிலாந்துக் கப்பல்களுக்குச் செல்லும் செல்வந்தருக்காகத் தொடங்கிய இச்சேவை, 1946இல் இப்பெயரைப் பெற்றது. அதன் வெள்ளிக் கரண்டிகளை வருணிப்போர், தண்டவாளம் எதற்காக இடப்பட்டதென்று கேட்பதில்லை.

1867இல் வைரம் கண்டெடுக்கப்பட்ட பின்னரே கேப் அரசின் இருப்புப்பாதை உள்நாட்டை நோக்கி விரைந்தது. 1885இல் கிம்பர்லியையும் 1892இல் ஜோகன்னஸ்பேர்க்கின் தங்க வயல்களையும் அது எட்டிற்று. கிம்பர்லிச் சுரங்க முதலாளிகள் ஆபிரிக்கத் தொழிலாளரை ஒப்பந்தம் முடியுமட்டும் மூடிய முகாம்களில் அடைத்து வைத்தனர். ஊர் திரும்புமுன், வைரத்தை விழுங்கியிருப்பானோவென்று நாட்கணக்கில் தனியே பூட்டிச் சோதித்தனர். (திருடர் யாரென்ற கேள்வி அன்றும் எழாமலில்லை!) 1913ஆம் ஆண்டு நிலச் சட்டமோ, நாட்டின் பெரும்பான்மையினரான ஆபிரிக்கருக்கு நிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கையே ஒதுக்கியது. உழ நிலமற்றவன் சுரங்கத்துக்கு வராமல் எங்கே போவான்? மொசாம்பிக்கிலிருந்தும் இருப்புப்பாதை வழியே தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய பெட்டிகளில் விருந்து மண்டபமில்லை.

நீல வண்டிப் பயணிகள் கிம்பர்லியில் இறங்கி, மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் தோண்டப்பட்ட அப்பெருங்குழியைப் பார்ப்பது வழக்கம். அடியில் பச்சை நீர் தேங்கிக் கிடக்கிறது.