களப்பெயர்ப் படிநிலையில் கடம்பூர்: மாவட்ட இணையதள முகவரிகள் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு

தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு வட்டத்திலுள்ள கடம்பூர் முன்பு பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கியது, இன்று பேரூராட்சி. 1986 அக்டோபர் 20இல் திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. ஆகவே அதற்கு முந்தைய ஆவணங்களில் இவ்வூரைத் தேடுவோர் திருநெல்வேலிப் பதிவுகளையே நாடவேண்டும். ஊர் எதன்கீழ் எழுதப்படுகிறது என்னும் இதே வினா இணையதள முகவரிகளிலும் எழுகிறது.

தொடக்ககால வலையமைப்பில் கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே கோப்பில் பேணப்பட்டன. பட்டியல் பெருகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் களப்பெயர் முறைமையை வகுத்தார். அதன் உயிர்நிலை பகிர்ந்தளிப்பு ஆகும். ஒரு களத்தை உடையவர் அதன்கீழ் துணைக்களம் ஒன்றை உருவாக்கி, அதன் நிருவாகத்தைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். அத்துணைக்களம் வேறொரு வழங்கியில் இயங்கவும் தடையில்லை. சோழர் கல்வெட்டுகளில் மண்டலம், வளநாடு, நாடு, ஊர் எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கும் வரிசையை இங்கு வலமிருந்து இடமாகக் காணலாம்.

தேசிய தகவலியல் மையம் இம்முறையைப் பின்பற்றியது. 'தூத்துக்குடி.டிஎன்.என்ஐசி.இன்' என்னும் பழைய முகவரியில் நாடு, மையம், மாநிலம், மாவட்டம் ஆகிய நான்கும் படிப்படியாக அமைந்திருந்தன. திருநெல்வேலிக்கோ 'நெல்லை.டிஎன்.என்ஐசி.இன்' என மக்கள் வழக்கே முகவரியாயிற்று. பின்னர் மாவட்டத் தளங்கள் பொதுவான ஒரே கட்டமைப்புக்கு மாற்றப்பட்டபோது 'தூத்துக்குடி.என்ஐசி.இன்', 'திருநெல்வேலி.என்ஐசி.இன்' என்பன வழக்கிற்கு வந்தன. 'டிஎன்' என்னும் மாநிலப் படி நீங்கியது. 'நெல்லை'யும் உடன் நீங்கியது. (தளத்தைப் பேணுவோருக்கு இச்சீர்மை எளிது என்பதை மறுப்பதற்கில்லை.)

கடம்பூருக்கு இவ்வரிசையில் இடமில்லை. மாவட்டத்தோடு படிநிலை நின்றுவிடுகிறது. பேரூராட்சிகளுக்கென அமைந்த 'டவுன்பஞ்சாயத்.இன்' தளத்தில் ஊர்ப்பெயர்கள் துணைக்களங்களாக அன்றி, சாய்கோட்டுக்குப் பின்வரும் உட்பக்கங்களாகவே வைக்கப்பட்டன. பார்வைக்கு இது சிறிய வேறுபாடே. ஆனால் ஆட்சியுரிமையை நோக்கப் பெரிது. துணைக்களத்தைக் களப்பெயர்ப் பதிவின் வழியாகவே தனித்து ஒப்படைக்கலாம். உட்பக்கத்தை அவ்வாறு பிரித்தளிக்க இயலாது. தலைமைத் தளம் அணைந்தால் அதனுடன் நூற்றுக்கணக்கான ஊர்களின் பக்கங்களும் அணையும். இவ்வமைப்பு சிக்கனமானது எனினும், ஊராட்சிகளின் தன்னாட்சியைப் பேசும் காலத்தில் ஊரின் பெயர் பிறர் தளத்தின் உட்பக்கமாக நிற்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஆய்வாளருக்கு நேரும் இழப்பு இன்னும் நேரடியானது. முகவரியில் ஒரு படி நீக்கப்படும்போது பழைய முகவரிக்கு வழிமாற்றுப் பதிவு வைக்கப்படாவிடில், அதனைச் சுட்டிய அடிக்குறிப்புகள் யாவும் பயனற்றுப் போகும். ஆயினும் மறைந்த முகவரியும் ஒரு சான்றே. 'இராசராசப் பாண்டிநாடு' என்னும் பெயர் கொண்டு கல்வெட்டின் காலத்தை நெருங்குவதுபோல, ஓர் அடிக்குறிப்பிலுள்ள 'டிஎன்' என்னும் படி, அத்தகவல் எந்த நிருவாகக் கட்டத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும். எனவே இணைய மேற்கோள்களில் தளத்தின் பெயரை மட்டும் தருவது போதாது. முழு முகவரியையும் பார்த்த நாளையும் சேர்த்தே பதிய வேண்டும்.