பேட்டி மெல்ட்: அவசரத்துக்கு அடங்காத ஒரு பர்கர்

முதலில் பெயர்ப் பிரச்சினையை முடித்துவிடுவோம். "பாட்டி" என்று எழுதினால் அம்மாவைப் பெற்றவள். "பேட்டி" என்று எழுதினால் நேர்காணல். இங்கே இரண்டும் இல்லை. கொத்துக்கறியை வடை மாதிரி தட்டையாகத் தட்டினால் அதற்கு ஆங்கிலத்தில் பேட்டி என்று பெயர். மெல்ட் என்றால் உருகுவது; உருகுவது சீஸ். ரொட்டி, சீஸ், கறி, நன்றாக வதங்கிய வெங்காயம், மறுபடி சீஸ், மறுபடி ரொட்டி. வெளிப்பக்கம் வெண்ணெய் தடவி இரும்புக் கல்லில் முறுகலாகச் சுட்டு எடுத்தால் பேட்டி மெல்ட். அவ்வளவுதான் விஷயம்.

இதை ஃபாஸ்ட் ஃபுட் கடை ஸ்டைலில் வீட்டிலேயே செய்வது எப்படி என்று ஏகப்பட்ட சமையல் குறிப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பிரபலமான பண்டம் ஏன் பெரிய பர்கர் கம்பெனிகளின் அடையாளப் பண்டமாக ஆகவே இல்லை? உலகம் முழுக்கப் போனது வட்டப் பன்னில் வைத்த பர்கர்தானே? அமெரிக்க உணவு வரலாற்றில் கொஞ்ச நாள் தோண்டியதில் கிடைத்த பதில், சமையலை விட வேலையைப் பற்றியது. கல்லுக்கு முன்னால் நின்ற சமையல்காரரைப் பற்றியது.

பன்னுக்கு முன்னால் ரொட்டி

ஹாம்பர்கர் என்றாலே பன் என்று நமக்குப் பழகிவிட்டது. ஆரம்பத்தில் அப்படி இல்லை. கனெக்டிகட் மாநிலம் நியூ ஹேவனில் லூயிஸ் லஞ்ச் என்று ஒரு சின்னக் கடை. 1900லேயே ஹாம்பர்கர் விற்றோம் என்பது அவர்கள் உரிமை கொண்டாடும் கதை. அதை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கடை இன்றைக்கும் கறியை டோஸ்ட் செய்த ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்துத்தான் தருகிறது. பன் கிடையாது.

அந்தக் காலத்தில் கொத்துக்கறிக்கு நல்ல பேர் இல்லை என்பதையும் சொல்லணும். 1906ல் அப்டன் சின்க்ளேரின் "தி ஜங்கிள்" நாவல் வந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் அசிங்கத்தைப் படித்து நாடே முகம் சுளித்தது. அதே வருஷம் இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. ஆனாலும் அரைத்த கறி என்றால் எதை அரைத்தான்களோ என்ற சந்தேகம் ஜனங்களிடம் போகவில்லை.

அந்தச் சந்தேகத்தை உடைத்ததில் பெரிய பங்கு ஒயிட் கேஸ்டிலுக்கு. 1921ல் கான்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் வால்டர் ஆண்டர்சனும் பில்லி இங்கிராமும் தொடங்கியது. வெள்ளைக் கட்டடம், வாடிக்கையாளர் கண் முன்னாலேயே சமையல், விலை 5 சென்ட். இதில் ஆண்டர்சன் கல்லில் நின்று வேலை பார்த்த சமையல்காரர். கறியை மெல்லிசாக அழுத்திச் சுடுவது, கூடவே வெங்காயம் போடுவது எல்லாம் அவர் கைப்பழக்கம். அதே 1920களில் ஓக்லஹோமாவின் எல் ரீனோ ஊரில், கறி செலவைக் குறைக்க வெங்காயத்தைச் சீவி கறிக்குள்ளேயே வைத்து அழுத்திச் சுட ஆரம்பித்தார்கள். ஆக, கறியும் வெங்காயமும் கல்லில் சேர்ந்தது முதலில் ருசிக்காக மட்டும் இல்லை, சிக்கனத்துக்காகவும்தான்.

லாஸ் ஏஞ்சலஸின் "குட்டி" நெய்லர்

பேட்டி மெல்ட்டைக் கண்டுபிடித்தவர் என்று அதிகம் சொல்லப்படுகிற பேர் டைனி நெய்லர். கலிஃபோர்னியாவில் உணவகங்கள் நடத்தியவர். டைனி என்றால் குட்டி. ஆள் ஆறடிக்கு மேல், உடம்பும் அதற்குத் தக்க. நம்மூரில் குண்டு ஆளை "ஒல்லி" என்று கூப்பிடுகிற அதே குசும்புதான். ஹாலிவுட்டில் சன்செட், லா ப்ரேயா சாலைகள் சந்திக்கும் இடத்தில் அவருடைய டைனி நெய்லர்ஸ் 1949ல் திறந்தது. கட்டடத்தை வடிவமைத்தவர் டக்ளஸ் ஹோனல்ட். பேட்டி மெல்ட் எந்த வருஷம் பிறந்தது என்பதில் எழுதுகிறவர்கள் ஒத்துப்போவதில்லை. 1930கள் என்பார் உண்டு, 1950கள் என்பாரும் உண்டு. இடம் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: லாஸ் ஏஞ்சலஸின் காஃபி ஷாப்.

காஃபி ஷாப் என்றதும் இன்றைய காப்பிக் கடையை நினைக்காதீர்கள். அது முழுச் சாப்பாட்டுக் கடை. நீள கவுண்டர், அதற்கு எதிரே ஸ்டூல்கள், உள்ளே எவர்சில்வர் பளபளப்பில் திறந்த சமையலறை. நடுவில் பெரிய தட்டையான இரும்புக் கல். அதற்கு முன்னால் ஒரு மாஸ்டர். நம்ம ஓட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்பவர் மாதிரியேதான். ஒரே நேரத்தில் எட்டு ஆர்டரைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் முட்டை, ஒரு மூலையில் கறி, ஓரமாக வெங்காயம் என்று கல்லையே பட்டா போட்டுப் பிரித்து வைத்திருப்பார்.

பேட்டி மெல்ட்டின் ஒவ்வொரு பொருளும் அந்தக் கல்லில் ஏற்கெனவே இருந்தது. கறி பர்கருக்காக. சீஸும் ரொட்டியும் கிரில்டு சீஸ் சாண்ட்விச்சுக்காக. வெங்காயம் எல்லாவற்றுக்காகவும். கம்பு மாதிரி கருத்த ரை ரொட்டி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகளின் டெலி கடைகளால் அமெரிக்க நகரங்களில் பழக்கமானது. அதில் கேரவே விதை போடுவார்கள். பார்க்கச் சீரகம் மாதிரி இருக்கும். இத்தனையையும் ஒன்றாக அடுக்கத் தோன்ற விஞ்ஞானி தேவையில்லை. தினமும் அந்தக் கல் முன்னால் நிற்கிற ஆள் போதும்.

ரேஷன் கார்டு தந்த பசி

இந்த அடுக்கைப் பார்க்கும்போது எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943 மார்ச் 29 முதல் அமெரிக்காவில் இறைச்சி, வெண்ணெய், சீஸ் எல்லாமே ரேஷனுக்குள் வந்தன. சிவப்பு முத்திரை, ஆளுக்கு வாரம் 16 புள்ளி. கடைக்காரரிடம் காசு மட்டும் நீட்டினால் பத்தாது, புள்ளியும் வேண்டும். உணவகங்களுக்கும் அளந்துதான் கொடுத்தார்கள். அதே வருஷம் ஜனவரி 18 முதல் மார்ச் 8 வரை, துண்டு போட்ட ரொட்டி விற்கவே தடை இருந்தது என்றால் நம்புவீர்களா? 1928ல்தான் ஓட்டோ ரோவெடரின் இயந்திரம் வெட்டிய ரொட்டி முதன்முதலாகக் கடைக்கு வந்திருந்தது. பதினைந்து வருஷத்துக்குள் அது இல்லாமல் இருக்க முடியாது என்று ஜனங்கள் கத்தும் அளவுக்குப் பழகிவிட்டது. தடை ஏழு வாரம்தான் தாங்கியது.

இறைச்சி, வெண்ணெய் ரேஷன் 1945 நவம்பரில் முடிந்தது. பேட்டி மெல்ட்டில் என்ன இருக்கிறது? இறைச்சி, சீஸ், வெண்ணெய். மூன்றுமே சிவப்புப் புள்ளிச் சரக்கு. ரேஷன்தான் இதைப் பெற்றெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டரை வருஷம் புள்ளி எண்ணிச் சாப்பிட்ட தலைமுறைக்கு, மூன்றும் ஒன்றாக ஒழுகும் ஒரு தட்டு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1948: மாஸ்டர் தேவையில்லை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 100 கிலோமீட்டர் கிழக்கே சான் பெர்னார்டினோ. அங்கே ரிச்சர்ட், மொரீஸ் மெக்டொனால்ட் சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை 1948ல் மூடினார்கள். காருக்கே வந்து பரிமாறிய சுமார் 20 பெண்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். 25 பண்டம் இருந்த பட்டியலை 9 ஆக்கினார்கள். அந்த டிசம்பரில் திறந்த புதுக் கடையில் ஹாம்பர்கர் 15 சென்ட். ஒரு பவுண்டு கறிக்குப் பத்து பேட்டி, அதாவது ஒன்று சுமார் 45 கிராம். எல்லோருக்கும் ஒரே மாதிரி கெச்சப், கடுகு, வெங்காயம், ஊறுகாய்.

சமையலறையில் ஒருத்தர் கறி சுட, ஒருத்தர் பன்னுக்கு சாஸ் விட, ஒருத்தர் பொட்டலம் கட்ட என்று தொழிற்சாலை வரிசை. எட்டு ஆர்டரைத் தலையில் வைத்திருந்த மாஸ்டருக்கு அங்கே வேலை இல்லை. ஒரே வேலையை ஒரே மாதிரி செய்ய ஆள் இருந்தால் போதும்.

பேட்டி மெல்ட்டை அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். வெங்காயம் பொன்னிறமாக வதங்க அரை மணி நேரத்துக்கு மேல். கறி ஒரு தடவை கல்லில், அடுக்கிய பிறகு மறுபடி கல்லில். ஒரே சாண்ட்விச் கல்லின் இடத்தை இரண்டு தடவை பிடிக்கும். எப்போது திருப்பணும் என்பதைக் கண்தான் சொல்லணும். சீஸ் உருகுவதற்குள் ரொட்டி கருகக் கூடாது. முன்கூட்டியே செய்து சூடு விளக்கின் கீழ் வைத்தால் முறுகல் பத்து நிமிஷத்தில் செத்துவிடும். பன் பர்கர் காத்திருக்கும். இது காத்திருக்காது.

15 சென்ட் பர்கரை நான் குறை சொல்லவில்லை. குடும்பத்தோடு வெளியே சாப்பிட வசதி இல்லாத பலருக்கு அது கதவைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த விலைக்குள் ஒரு கைத்தொழிலின் கூலியும் கழிக்கப்பட்டிருந்தது. பேட்டி மெல்ட் பிழைத்தது மாஸ்டர் பிழைத்த இடங்களில்தான்: டைனர்கள், காஃபி ஷாப்கள், 1955ல் தொடங்கிய வாஃபிள் ஹவுஸ் மாதிரி கல்லை நம்பிய கடைகள். டெக்சாஸின் வாட்டபர்கர் போன்ற சில துரித உணவுக் கடைகள் பிற்பாடு தடித்த டெக்சாஸ் டோஸ்டில் தங்கள் பாணியில் கொண்டுவந்தன. ஃபாஸ்ட் ஃபுட் ஸ்டைல் பேட்டி மெல்ட் என்று இன்று வீட்டில் செய்யப் பார்ப்பது பெரும்பாலும் இந்த வகையைத்தான்.

இனி நம்ம கல்லில்

இரண்டு பேருக்கு அளவு: பெரிய வெங்காயம் 2, கொத்துக்கறி 250 கிராம், ரொட்டி 4 துண்டு, சீஸ் ஸ்லைஸ் 4, வெண்ணெய் 40 கிராம். அசல் மாட்டுக்கறிதான். ஆட்டுக்கறியிலும் செய்யலாம், ஆனால் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்காவது இருக்கட்டும். இல்லையென்றால் வறண்டுபோகும்.

வெங்காயத்தை நீளவாக்கில் அரிந்து, கொஞ்சம் வெண்ணெயும் உப்பும் சேர்த்துச் சிறு தீயில் 35, 40 நிமிஷம் வதக்குங்கள். அடி பிடித்தால் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுங்கள். இந்த ஒரு வேலையில் அவசரம் காட்டாதீர்கள். சாயங்காலம் செய்வதென்றால் காலையிலேயே வதக்கி வைத்துவிடலாம்; காஃபி ஷாப் மாஸ்டரும் கூட்டம் வருவதற்கு முன்பே வதக்கி ஓரமாக ஒதுக்கியிருப்பார்.

கறியில் உப்பு போட்டுப் பிசையக் கூடாது. பிசைந்தால் புரதம் ஒட்டிக்கொண்டு சாசேஜ் மாதிரி ரப்பராகிவிடும். இரண்டாகப் பிரித்து, ரொட்டியின் வடிவத்திலேயே, அதைவிட விரற்கடை பெரிதாகத் தட்டுங்கள், சுடும்போது சுருங்கும். பழைய இரும்புத் தோசைக்கல் இதற்கு அருமை. நன்றாகக் காய்ந்ததும் போட்டு, மேலே உப்பு மிளகு தூவி, ஒரு தட்டையான கரண்டியால் முதல் அரை நிமிஷத்துக்குள் அழுத்துங்கள். அதற்கப்புறம் அழுத்தினால் சாறு ஓடிவிடும். ஒரு பக்கம் 2 நிமிஷம், மறுபக்கம் ஒன்றரை. அரைத்த மாட்டுக்கறி உள்ளே 71 டிகிரி செல்சியஸ் தொடணும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அளவு. மெல்லிசாகத் தட்டினால் சீக்கிரம் தொட்டுவிடும்.

சீஸைப் பற்றி ஒரு வார்த்தை. டைனர்களில் ஸ்விஸ் சீஸ் வழக்கம். கடை ஸ்டைல் ஒழுகல் வேண்டுமென்றால் ப்ராசஸ்டு ஸ்லைஸ்தான். 1911ல் ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரில் சோடியம் சிட்ரேட் சேர்த்து உருக்கிப் பார்த்தார்கள். அந்த உப்பு இருந்தால் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் உருகும். 1916ல் ஜேம்ஸ் கிராஃப்ட் அமெரிக்காவில் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நான் ஸ்விஸ் ஒன்று, ப்ராசஸ்டு ஒன்று என்று கலந்து வைக்கிறேன். ருசிக்கு அது, ஒட்டுவதற்கு இது.

இப்போது கல்லைத் துடைத்து, தீயைக் குறையுங்கள். வெண்ணெய் தடவிய பக்கம் கீழே இருக்க ரொட்டி, அதன் மேல் சீஸ், கறி, வெங்காயம், சீஸ், ரொட்டி. சீஸ் இரண்டு பக்கமும் ரொட்டியை ஒட்டி இருக்கணும், அதுதான் பசை. பக்கத்துக்கு 3 நிமிஷம். ஓரத்தில் சீஸ் எட்டிப் பார்த்தால் திருப்புங்கள். தொட்டுக்கொள்ள மயோனைஸில் நிறைய மிளகுத்தூளும் துளி கடுகு சாஸும் கலந்தால் வாட்டபர்கர் பக்கத்து ருசி வரும். ரை ரொட்டி கிடைக்கவில்லையா, பேக்கரியில் தடித்த சாண்ட்விச் ரொட்டியாகக் கேளுங்கள்.

குறுக்கே வெட்டி உடனே சாப்பிட்டுவிடுங்கள். வீட்டில் நாலு பேர் இருந்தால் எல்லோருக்கும் செய்துவிட்டு ஒன்றாக உட்காரலாம் என்று நினைக்காதீர்கள். ஆகிற ஆகிற பரிமாறணும். கல் முன்னால் நிற்பவர் கடைசியாகத்தான் சாப்பிடுவார். தோசைக்கும் அதே கதைதானே.