மஞ்சள் துணியில் முடிந்த காசு

போன வாரம் பழைய காசுகளைப் பற்றி நிறைய பேர் கேட்டீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

உண்டியல் எண்ணும்போது நாங்கள் தொண்டூழியர்கள் அடிக்கடி பார்ப்பது, மஞ்சள் துணியில் முடிந்த காசு. அவிழ்த்தால் உள்ளே இந்திய ஒரு ரூபாய் இருக்கும், சில சமயம் மலாயா காலத்துச் சதுர ஒரு காசும் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல்னு யாரோ ஒரு அம்மா வேண்டி முடிஞ்சது. கடையில் அது செல்லாது. ஆனா முடிஞ்ச அன்னிக்கே அது பணம் என்ற நிலையைத் தாண்டிடுச்சு.

வெள்ளைக்காரர்களிடமும் இப்படி ஒரு வழக்கம் இருந்தது. காசின் முகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, அன்புக்குரியவர் பெயரைச் செதுக்கிக் கொடுப்பார்கள். ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகள், கப்பல் ஏறும் முன் பென்னிக் காசில் செதுக்கி வீட்டாருக்கு விட்டுட்டுப் போனாங்க. ஆஸ்திரேலிய தேசிய அரும்பொருளகத்தில் அப்படி 300க்கு மேல் இருக்கு. நாம பேரைப் பாத்திரத்தில் வெட்டினோம். காசை சாமிக்கு முடிஞ்சோம், இல்லேன்னா கழுத்துக்குக் கோத்தோம்.

அந்தக் கோத்த காசுதான் காசுமாலை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் சவரனுக்கே வளையம் பற்றவைத்துக் கோப்பது உண்டு. ஒரு சவரன் 7.98 கிராம், 22 காரட். பவுண்டு என்ற சொல்தான் நம்ம வாயில் பவுன் ஆச்சு, இன்னிக்கும் 8 கிராமை ஒரு பவுன் என்கிறோம். இங்கே சிங்கப்பூரில் டாலரை 'வெள்ளி' என்று சொல்கிறோமே, அதுவும் அப்படித்தான். 1867 வரை இங்கே அரசாங்கக் கணக்கு ரூபாயில். பிறகு டாலர். 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று சொந்த வெள்ளி நாணயம் வந்தது, எட்வர்டு ராஜா தலையோடு, கிட்டத்தட்ட 27 கிராம். வெள்ளி விலை ஏறினதும் 1907இல் 20 கிராம் அளவுக்குக் குறைச்சுட்டாங்க. கனமான பழசு நிறைய உருக்கப்பட்டது.

உருக்குவதுதான் எங்களுக்கு இப்பவும் கவலை. தங்கம் விலை ஏறினதும் பாட்டியின் காசுமாலையைத் தேக்காவுக்குக் கொண்டுபோய்ப் புது டிசைனுக்கு மாத்துறாங்க. காசில் லட்சுமி இருந்தால் அது ஆசாரி அச்சில் அடித்தது. ராணி, ராஜா தலை இருந்தால் அசல் சவரனாக இருக்கலாம், உருக்கும் முன் விவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. வளையம் பற்றவைத்த காசை நாணயம் சேகரிப்பவர்கள் பழுது என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். சொல்லட்டும். அந்தப் பழுதுதானே அது உங்க பாட்டி கழுத்தில் கிடந்ததுக்கு அடையாளம்!

அடுத்தது, பலர் பூஜை அறையில் வைத்திருக்கும் '1818 கிழக்கிந்தியக் கம்பெனி' ராமர் காசு. லட்சக்கணக்கில் போகும்னு வாட்ஸ்அப்பில் வருது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. பிற்காலத்தில் யாரோ பழைய வருஷம் போட்டு அடித்தது. ஆனா கம்பெனி சாமி உருவமே போட்டதில்லைன்னு நினைக்காதீங்க. மதராஸில் அடித்த மூன்று சுவாமி வராகனில் வேங்கடேசப் பெருமாள் இரண்டு தாயாரோடு நிற்பார். அது தங்கம், வியாபாரத்துக்கான அசல் பணம். ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ராமடங்கா வேறு. அது கும்பிடுவதற்கென்றே அடித்தது, செலவழிக்க இல்லை. உங்க வீட்டு ராமர் காசையும் அப்படியே கும்பிடுங்க, யாரும் தடுக்கலை. விலை பேசி ஏமாறாதீங்க. 'காசை நாங்க வாங்கிக்கிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்க' என்று யாராவது கேட்டால் போனை வைங்க. தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது.

கடைசியா ஒண்ணு. நாங்க தொழிற்சாலையில் உலோகத்தோட பழகினவங்க, அதனால சொல்றோம். புளி, பிராஸ்ஸோ போட்டுத் தேய்க்காதீங்க. ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து கரையும். காசைத் தாளில் மடித்து, யாருடையது, எப்போ வந்ததுன்னு பென்சிலால் எழுதி வைங்க. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் எடுத்து வந்தால் சேர்ந்து பார்க்கலாம். வாங்க விற்க இல்லை.