மான் காலா, ஆட்டுக் காலா?

ஈசிஆர் பக்கம் ஏதாவது ஒரு பீச்சுக்குக் காலையில போய்ப் பாருங்க. மணல்மேல, ஊதாவும் ரோஸும் கலந்த புனல் மாதிரிப் பூக்களோட ஒரு கொடி படர்ந்து கிடக்கும். நாம அதை மிதிச்சுத் தாண்டித்தான் செல்ஃபி எடுக்கப் போவோம். அது பேரு அடும்பு. இன்னைக்கு அதோட ஹிஸ்டரிதான்.

அடும்பு இலை நுனியில ரெண்டாப் பிளந்திருக்கும். குறுந்தொகை 243-வது பாட்டுல நம்பி குட்டுவன் அதை மான் குளம்புன்னு சொல்றார். பூ அவருக்குக் குதிரைக் கழுத்துல கட்டுற மணி மாதிரி தெரியுது. பாட்டுல பேசுற பொண்ணு, “அவனை இனி நினைக்கப் போறதில்ல, என் கண்ணு தூங்கட்டும்”ங்கிற அர்த்தத்துல தோழிகிட்ட சொல்றா. ஆனா அதைச் சொல்றதுக்கு முன்னாடியே அவன் ஊர்க் கடற்கரையோட இலை, பூ, மணல்ல விளையாடுற பொண்ணுங்க எல்லாத்தையும் வர்ணிச்சு முடிச்சிடுறா. நல்லா மறந்தா போங்க!

அப்படியே 17-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். கொச்சியில டச்சு கவர்னரா இருந்த வான் ரீட், மலபார் செடிகளைப் பத்தி ‘ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்’னு 12 தொகுதி புத்தகம் உருவாக்கினார். 1678-லிருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. இட்டி அச்சுதன் மாதிரி உள்ளூர் வைத்தியர்கள் சொன்ன பேர்களையும் அதுல பதிவு பண்ணாங்க. அதனாலதான் அந்த லத்தீன் புத்தகத்துல இந்தக் கொடி ‘ஷோவன்ன அடம்போ’ன்னு நிக்குது. சுவன்ன அடம்பு, அதாவது சிவப்பு அடும்பு. நெய்தல் திணையோட சொல்லு கிட்டத்தட்ட அப்படியே ஆம்ஸ்டர்டாம் போயிடுச்சு.

1753-ல லின்னேயஸ் வெச்ச பேருல அடும்பு இல்ல. ‘பெஸ் காப்ரே’ன்னு வெச்சார். லத்தீன்ல ஆட்டுக் கால்னு அர்த்தம். அதே பிளவு, அதே குளம்பு. மிருகம் மட்டும் வேற. என் ஓட்டு மானுக்குத்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அகநானூறு 160. நிறை சூலி ஆமை ஒண்ணு அடும்புக் கொடியைச் சிதைச்சுக்கிட்டு வந்து, மணல்ல முட்டையைப் புதைக்குது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் ஆண் ஆமை காவல் காக்குமாம். அந்தக் காவல் மட்டும் கவிஞரோட கற்பனை, ஏன்னா ஆண் கடலாமை கரைக்கு வந்து முட்டையைப் பார்த்துக்கிறதில்ல. மத்தபடி இடம் துல்லியம். இன்னைக்கும் ஜனவரி வாக்குல சென்னைக் கரைக்குப் பங்குனி ஆமைங்க ஏறி வந்து மணல்லதான் முட்டை போடுது.

அந்த மணல் மேட்டைக் கட்டுறதுல இந்தக் கொடிக்குப் பெரிய பங்கு இருக்கு. காத்துல பறந்து வர்ற மணல் இலைகள்ல மோதி வேகம் குறைஞ்சு அங்கேயே விழும். கொடி புதைஞ்சா சாகாது. கணுவுக்குக் கணு வேர் விட்டு மேல வரும். திரும்ப மணல் சேரும், திரும்ப ஏறும். மேடு வளருது. விதை உப்புத் தண்ணியில மிதந்து போய் இன்னொரு கரையில முளைக்கும்.

பீச்சை அழகுபடுத்துறோம்னு மெஷின் விட்டு வழிக்கும்போது, பிளாஸ்டிக்கோட சேர்த்து இந்தக் கொடியும் குப்பை வண்டியில ஏறுது. அப்புறம் ரோட்டுக்கெல்லாம் மணல் வருதுன்னு ஒரு சுவர் கட்டுறாங்க.